கோவலன் கதை விடியும் வரை ஓடட்டும்

ஓபரா என்றால் அது ஏதோ இத்தாலிக்காரர்கள் சமாச்சாரம் என்றுதான் பலருக்கும் நினைப்பு. கதையைப் பாட்டாகவே பாடுவார்கள், கடைசியில் யாராவது செத்துப்போவார்கள், அவ்வளவுதானே? அப்படிப் பார்த்தால் போடிநாயக்கனூர்ப் பக்கம் கோயில் திருவிழாவில் ராத்திரி 10 மணிக்கு மேல் ஆர்மோனியத்தோடு ஆரம்பித்து, விடிய விடிய நடக்கிற இசை நாடகத்துக்கு என்ன பெயர்?

அந்த நாடகங்களில் பெரிய சோகம் சங்கரதாஸ் சுவாமிகளின் 'கோவலன்'. சுவாமிகள் 1922ல் காலமானார். அந்தக் கதையின் முடிவு நடந்ததாக நம்பப்படும் இடமும் இதே ஏலக்காய் மலைத்தொடரில்தான் இருக்கிறது. கம்பத்தைத் தாண்டி, கூடலூருக்கு மேலே, கேரள எல்லையில் மங்கலதேவி கண்ணகி கோயில். வருஷத்தில் சித்ரா பௌர்ணமி ஒரு நாள்தான் பக்தர்களுக்குத் திறக்கும். அன்றைக்கு மலையேறக் கூட்டம் அலைமோதும். ஆனால் அதே கண்ணகியின் கதையை மேடையில் முழுசாகப் பாடிக் கேட்பது இன்று அபூர்வம். திருவிழா என்றாலே 'வள்ளி திருமணம்'தான்.

வள்ளி திருமணம் நடக்கட்டும், அதில் தப்பில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இதை 'ஸ்பெஷல் நாடகம்' என்பார்கள். ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், ஆர்மோனியக்காரர் இன்னொரு ஊர். ஒத்திகை கிடையாது. மேடையில்தான் சந்திப்பார்கள். எல்லோருக்கும் ஒரே பாடம் மனப்பாடம் என்பதால்தான் இது நடக்கிறது. ஆக, ஒரு நாடகத்தை ஒரு தலைமுறை ஆடாமல் விட்டால், கோவலன் பாட ஒருவர் கிடைத்தாலும் பதில் பாடக் கண்ணகி இருக்கமாட்டார்!

இத்தாலியைப் பாருங்கள். தோனிசெட்டியின் 'அன்னா பொலேனா' 1830ல் மிலானில் அரங்கேறிய சோக ஓபரா. பிறகு காலப்போக்கில் மறந்தேபோனது. 1957ல் மிலானின் லா ஸ்காலா அரங்கில் மரியா கல்லாஸ் பாடினார், அந்தப் பதிவு உலகம் சுற்றியது, ஓபராவுக்கு மறுவாழ்வு. லண்டனில் 1970ல் தொடங்கிய 'ஓபரா ராரா' இந்த மாதிரி மறந்துபோன ஓபராக்களைத் தேடிப்பிடித்து முழுசாகப் பதிவு செய்வதையே வேலையாக வைத்திருக்கிறது. அவர்களால் இது முடிகிறதென்றால், ஒவ்வொரு சுரமும் காகிதத்தில் இருக்கிறது. கோவலன் அப்படியில்லை. பாட்டுப் புத்தகம் அச்சில் உண்டு. ஆனால் எந்த மெட்டு, எங்கே இழுப்பது, தர்க்கத்தில் எப்படி மடக்குவது எல்லாம் வயதான கலைஞர்களின் தொண்டையில்தான் இருக்கிறது.

"அதான் யூட்யூபில் எல்லாம் இருக்கே" என்பார்கள். என்ன இருக்கிறது? பபூன் காமெடி 10 நிமிஷம், டான்ஸ் 5 நிமிஷம். அந்தக் காலத்து கிராமபோன் தட்டில் ஒரு பக்கத்துக்கு சுமார் 3 நிமிஷம்தான் இடம், அதனால் வெட்டினார்கள். இன்று இடத்துக்குப் பஞ்சமா? சோகக் கட்டம் வருவது விடிகாலையில். அதற்குள் பாதிக் கூட்டம் எழுந்துபோயிருக்கும். சீக்கிரமே எஸ்டேட் ஜீப்பைப் பிடிக்க வேண்டியவர்களும் அதில் உண்டு. செல்போன் சார்ஜும் தீர்ந்திருக்கும். கண்ணகி நீதி கேட்கும்போது பதிவு செய்ய ஆளில்லை.

செலவும் பெரிதல்ல. திருவிழா இல்லாத ஐப்பசி, கார்த்திகையில் கலைஞர்களுக்கு வேலை குறைவு. அப்போது கௌரவமான சம்பளம் கொடுத்து, நல்ல மைக் வைத்து, ஒரு ராத்திரி முழுக்கப் பாடச் சொல்லிப் பதிவு செய்தால் போதும். ஊர்க்காரர்கள், கல்லூரித் தமிழ்த் துறைகள், ஏலக்காய் வியாபாரிகள் சேர்ந்தால் முடியாத காரியமா இது? வெட்டு மட்டும் கூடாது.

மலைமேல் இருக்கிற கோயில் அடுத்த சித்திரையிலும் திறக்கும். பாடத் தெரிந்தவர்கள் அதுவரை காத்திருப்பார்களா?