ராத்திரி எத்தனை பேர்?

அப்பா இருக்கும் முதியோர் இல்லத்துக்கு கூகுளில் ஐந்து நட்சத்திரம் போட்டவன் நான். ‘சுத்தமான இடம், கனிவான ஊழியர்கள், மாடியில் கடல் காற்று’ என்று மூன்று வரி எழுதி, அப்பாவைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து எடுத்த படம் ஒன்றையும் சேர்த்தேன். இருபத்தேழு பேர் லைக் போட்டிருந்தார்கள். அவர்களில் யாராவது என் வரிகளை நம்பித் தங்கள் அம்மாவை அங்கே கொண்டுவந்து விட்டிருக்கலாம். எட்டு மாதம் கழித்து அதை அழித்தேன். அழித்தால் மட்டும் போதாது என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

அப்பா துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம் கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கியவர். ராயபுரத்தில் எங்கள் தெருவில் பாதிப் பேர் ‘ஹார்பர் ஆளுங்க’தான். ஸ்ட்ரோக் வந்து அவருக்கு வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. அம்மா இல்லை. நான் ஒரே பிள்ளை, வேலை சோழிங்கநல்லூரில். காலையில் கிளம்பினால் வீடு திரும்ப ராத்திரி ஒன்பதாகும். நாலு மாதத்தில் மூன்று பேரை வீட்டோடு வேலைக்கு வைத்தேன், மூவரும் போய்விட்டார்கள். அதன் பிறகுதான் திருவொற்றியூரில் ஒரு ஹோமில் சேர்த்தேன். எங்கள் பக்கம் ‘நர்சிங் ஹோம்’ என்றால் பிரசவத்துக்கும் அப்பெண்டிக்ஸுக்கும் போகிற சின்ன ஆஸ்பத்திரி. வயசானவர்களை விடும் இடத்துக்கு வெறும் ‘ஹோம்’.

அப்பாவை ஹோமில் விட்டதற்காக நெஞ்சில் அடித்துக்கொள்ளும் கட்டுரை இது இல்லை. அந்தக் கண்ணீரை நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ‘பெத்தவங்கள வீட்ல வச்சுப் பாரு’ என்று உபதேசம் செய்பவர்கள், வீட்டில் வைத்துப் பார்க்கப்போவது யார் என்று மட்டும் சொல்வதில்லை. பெரும்பாலும் வேலையை விட்டுவிட்ட ஒரு மகளோ மருமகளோதான் அது. என் சண்டை வேறு. ஒரு ஹோம் நல்ல ஹோமா என்று நாம் பார்க்கும் விதமே தப்பு என்கிறேன்.

சேர்ப்பதற்கு முன் ஐந்து ஹோம்களைச் சுற்றிப் பார்த்தேன். ஸ்ப்ரெட்ஷீட் போட்டேன், தொழில் புத்தி. ரூம் அளவு, லிஃப்ட், சிசிடிவி, டாக்டர் வாரத்துக்கு எத்தனை தடவை வருகிறார், ஆம்புலன்ஸ் உண்டா, உள்ளே நுழைந்ததும் மூத்திர வாடை அடிக்கிறதா, மாதக் கட்டணம் எவ்வளவு. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். அந்த ஷீட்டை இப்போது திறந்து பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. அத்தனையும் பகல் பதினொரு மணிக்கு வரும் விருந்தாளியின் கண்ணில் படுபவை. எங்கள் துறையில் இது பழைய வியாதி. மென்பொருளை வாங்குகிறவர் ஒருவர், தினமும் அதோடு மல்லுக்கட்டுகிறவர் வேறொருவர். டெமோ வாங்குகிறவருக்காகத்தான் தயாராகும். ஹோமிலும் காசு கொடுப்பவன் நட்சத்திரம் போடுகிறான். படுத்திருப்பவரிடம் யாரும் கேட்பதில்லை.

ஒரு வியாழக்கிழமை ஆபீஸில் ரிலீஸ் முடிய நேரமாகிவிட்டது. வரும் ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பார்க்கப் போக முடியாது என்று தெரிந்ததால், வீட்டைத் தாண்டி நேரே திருவொற்றியூர் போனேன். மணி பதினொன்றரை. “விசிட்டிங் டைம் இல்ல சார்” என்று வாட்ச்மேன் கேட்டைத் திறக்க யோசித்தார். கெஞ்சி மேலே போனேன். இரண்டு மாடி, இருபத்திரண்டு பேர், ஒரே ஒரு ஆயா. காலை ஏழு மணிக்கு டியூட்டிக்கு வந்தவர். மாற்று ஆள் வராததால் அப்படியே தொடர்கிறார். அப்பாவின் துணி நனைந்திருந்தது. இருவரும் சேர்ந்து அவரைப் புரட்டியபோதுதான் பார்த்தேன். முதுகெலும்பு முடியும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் புண்.

கத்தினேன். அந்த அக்கா நான் கத்தி முடிக்கும்வரை துணியை மடித்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தபா திருப்பிப் போடணும்னு எனக்குத் தெரியாதா தம்பி? நர்சம்மா சொல்லிக் குடுத்துக்கிறாங்க. உங்கப்பா கனத்துக்கு ஒருத்தியா எப்படித் திருப்புவேன்? இப்ப நீ வந்த, ரெண்டு பேராச்சு, திருப்பினோம்.”

அப்பா கோணிய வாயால் ஏதோ சொன்னார். எனக்குப் பிடிபடவில்லை. இன்னொரு முறை சொன்னார்: “கேங் ஷார்ட்.”

ஹார்பர் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். கப்பலில் ஒரு கொக்கிக்கு ஒரு கேங். அந்த கேங்கில் எத்தனை பேர் இருக்க வேண்டும் என்பது தொழிற்சங்கங்கள் பேசிப் பேசி எழுத்தில் வாங்கிய கணக்கு. ஆள் குறைந்தால் அப்பா சரக்கைத் தொட மாட்டார். அதற்காக ஃபோர்மேனோடு சண்டை போட்டுவிட்டு எத்தனையோ ராத்திரி வீட்டுக்கு வந்திருக்கிறார். மூட்டையைத் தூக்க இத்தனை பேர் என்று எழுதி வாங்கிய மனுஷனைத் தூக்க எத்தனை பேர் என்று, நான் கையெழுத்துப் போட்ட பன்னிரண்டு பக்க ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை. நானும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். தானாகப் புரண்டு படுக்க முடியாதவர்கள் அங்கே பன்னிரண்டு பேர். ஒருவரைத் திருப்பி, நனைந்ததை மாற்றி, தோலைப் பார்த்து, தலையணை அண்டக் கொடுக்க இரண்டு ஆட்களுக்குப் பத்து நிமிஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 × 10 = 120 நிமிஷம். இரண்டு பேர் ஒரு நிமிஷம்கூட உட்காராமல் வேலை செய்தால், கடைசிக் கட்டிலை முடிக்கும்போது முதல் கட்டிலுக்கு மறுபடி நேரம் வந்துவிடும். தண்ணீர் கேட்பவருக்கும், பாத்ரூம் போக எழுந்து விழுந்தவருக்கும் இந்தக் கணக்கில் இடமே இல்லை. ஒரே ஆள் என்றால் கணக்கு தொடங்கவே தொடங்காது. ஆயாவின் அலட்சியம் என்று எழுதிவிட்டுப் போயிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். ஆனால் அந்தப் புண் டியூட்டி சார்ட்டிலேயே எழுதப்பட்டிருந்தது.

“சிசிடிவி இருக்குல்ல, ஆப்ல பாத்துக்கலாமே” என்றான் நண்பன். எட்டு மாதமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கேமரா வராந்தாவைக் காட்டியது. வராந்தா அமைதியாக இருந்தது. அமைதி என்றால் எல்லோரும் தூங்குகிறார்கள் என்று நினைத்தேன், கூப்பிட்டால் வர ஆளில்லை என்று தெரிந்தவர்களும் அமைதியாகத்தான் இருப்பார்கள் என்பது உறைக்கவில்லை.

மருத்துவத்தின் தரத்தை எப்படி அளப்பது என்று அவேதிஸ் டொனபேடியன் 1966இல் ஒரு கட்டுரை எழுதினார். இன்றும் அந்தத் துறைக்கு அதுதான் அஸ்திவாரம். மூன்றைப் பார்க்கச் சொன்னார்: என்ன இருக்கிறது, என்ன செய்கிறார்கள், நோயாளிக்குக் கடைசியில் என்ன ஆனது. என் ஷீட் முதல் கேள்வியோடு நின்றுவிட்டது. அதிலும் டைல்ஸை எண்ணியவன் ஆட்களை எண்ணவில்லை.

நட்சத்திரத்தை அரசே கொடுத்தால் சரியாகிவிடுமா? அமெரிக்காவில் 2008 டிசம்பர் முதல் கொடுக்கிறார்கள். ஆய்வாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து எழுதும் அறிக்கை அதில் ஒரு பங்கு. ஆனால் ஆள் எண்ணிக்கையை ஹோம்களே எழுதிக் கொடுத்தன. இந்த ஓட்டையை 2014இல் நியூயார்க் டைம்ஸ் பெரிதாக எழுதியது. 2016இலிருந்து சம்பளப் பட்டியலோடு ஒத்துப்போகும் கணக்கை அனுப்ப வேண்டியதாயிற்று. 2018இல் அந்தப் பட்டியலை வைத்து நட்சத்திரம் போட்டபோது, பல ஹோம்களில் முன்பு சொன்னதைவிட ஆள் குறைவு, வார இறுதியில் இன்னும் குறைவு என்று வெளியே வந்தது. யாரும் பார்க்க வராத நேரத்தில்தான் ஆள் குறையும், அங்கேயும் இங்கேயும்.

நம் ஊரில் எப்போது உள்ளே போய்ப் பார்க்கிறோம்? 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் அன்பு ஜோதி ஆசிரமத்துக்குள் அதிகாரிகள் நுழைந்தார்கள். அங்கே சேர்க்கப்பட்ட முதியவர் ஒருவரைக் காணவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடப்பட்ட பிறகுதான் அதுவும் நடந்தது. உரிய அனுமதி இல்லாமல் இயங்கிய அந்த இடத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள். துன்புறுத்தல் புகார்கள் வந்தன, வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. ஒரு சொந்தக்காரர் தேடி வராமல் இருந்திருந்தால்? தேடி வர ஆளே இல்லாதவர்களுக்கு யார் மனு போடுவது?

இந்த விஷயத்தில் வடசென்னைக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. ஸ்டான்லியை எங்கள் பாட்டிமார் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்றுதான் சொல்வார்கள். 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்தது அது. சோறு போடுவதில் நமக்குக் குறையே இல்லை. பிறந்தநாள், நினைவுநாள் என்றால் முதியோர் இல்லத்துக்கு மதியச் சாப்பாடு, பாயசம், இலை முன்னால் ஒரு குரூப் போட்டோ. நல்லதுதான், கேலி செய்யவில்லை. ஆனால் மதியச் சாப்பாட்டுக்கு வரிசையில் ஸ்பான்சர் நிற்கும் ஊரில், ஒரு ராத்திரி டியூட்டிக்கு ஒருவர்கூட ஸ்பான்சர் செய்து நான் பார்த்ததில்லை. பாயசம் போட்டோவில் விழும், ராத்திரி மூன்று மணிக்கு ஒருவரைப் புரட்டிப் போடுவது விழாது.

எங்கள் பகுதிக்கு இன்னொரு கேள்வியும் இருக்கிறது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூரில் கோரமண்டல் உர ஆலைக்குப் போகும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். ஓடக் கால் இருந்தவர்கள் ஓடினார்கள். அப்படி ஒரு ராத்திரியில் மாடியில் பன்னிரண்டு பேர் படுத்த படுக்கை, ஒரு ஆயா, கீழே ஒரு வாட்ச்மேன். ஆலைகளுக்கு நடுவே ஹோம் நடத்துகிறவர் இதற்குப் பதில் வைத்திருக்க வேண்டாமா?

ஆகவே, நீங்கள் யாருக்காவது ஹோம் பார்க்கப் போனால் ஏசியை விடுங்கள். நாலு கேள்வி கேளுங்கள். ராத்திரி பத்திலிருந்து காலை ஆறுவரை எத்தனை பேர் டியூட்டி, அவர்கள் தூக்க வேண்டியவர்கள் எத்தனை பேர்? பிரோஷரை நீட்டினால் வாங்காதீர்கள், அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரைக் கேளுங்கள். ஆயாமார் எத்தனை மாதமாக இங்கே வேலை செய்கிறார்கள், என்ன சம்பளம்? மாதாமாதம் ஆள் மாறும் இடத்தில், உங்கள் அம்மா எந்தப் பக்கம் திரும்பினால் வலியில் முகம் சுளிப்பார் என்று யாருக்கும் தெரிந்திருக்காது. இப்போது எத்தனை பேருக்குப் படுக்கைப் புண், அதில் இங்கே வந்த பிறகு வந்தது எத்தனை? கடைசியாக, சொல்லாமல் எந்த நேரத்திலும் வரலாமா? இதற்கு ‘இல்லை’ என்றால் அங்கேயே திரும்பிவிடுங்கள்.

மாவட்டத்துக்கு ஒரு இல்லமாவது, குறைந்தது 150 பேருக்கு, அரசு அமைக்கலாம் என்று 2007ஆம் வருஷத்து முதியோர் சட்டம் சொல்கிறது. இல்லங்களின் தரத்துக்கு அரசு திட்டம் வகுக்கவும் அதில் இடம் உண்டு. தரம் என்றால் முதலில் இதைச் செய்யுங்கள்: பெட்ரோல் பங்க்கில் அன்றைய விலையை எழுதிவைப்பதுபோல, ஒவ்வொரு ஹோமின் வாசலிலும் அன்றைய ராத்திரி டியூட்டி எத்தனை பேர் என்று எழுதிப் போடச் சொல்லுங்கள். போகிற வருகிறவன் படிக்கட்டும். பொய் எழுதினால் பிடிப்பதும் சுலபம், மாடியேறி எண்ணினால் போதும்.

அப்பாவை வேறு இடத்துக்கு மாற்றவில்லை. மாற்றிய இடத்திலும் இதே கணக்குதான் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மற்ற குடும்பங்களின் போன் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். “குடுக்கிற காசுக்கு அவங்கதான ஆள் வைக்கணும்” என்றார்கள் பலர். நியாயம்தான். ஒன்பது குடும்பங்கள் சேர்ந்து நிர்வாகத்தோடு சண்டை போட்டு, கொஞ்சம் கூடக் கொடுத்து, ராத்திரிக்கு இரண்டாவது ஆள் வந்தார். புண் ஆற மூன்று மாதத்துக்கு மேல் ஆயிற்று.

இப்போது வியாழக்கிழமைகளில் ராத்திரிதான் போகிறேன். உள்ளே நுழைந்ததும் அப்பா இடது கையைத் தூக்கி இரண்டு விரல் காட்டுவார், கேங் ஃபுல் என்று அர்த்தம். நான் நம்பும் ஒரே ரேட்டிங் அதுதான். போன வாரம் ஒரு விரல் காட்டினார். கீழே இறங்கிப் போய் மேனேஜரை எழுப்பினேன்.