சிறிய வேலைக்கு எவ்வளவு பெரிய கருவி?



சமையலறை அலமாரியின் கீல் தளர்ந்துவிடுகிறது. பிள்ளைகளின் படிப்பு மேசை பலகைகளும் திருகாணிகளுமாக ஒரு பெட்டியில் வந்து இறங்குகிறது. இத்தகைய வேலைகளுக்கு மின் திருப்புளி ஒன்று வாங்கலாமா, வாங்கினால் எதை வாங்குவது என்ற கேள்வி பல குடும்பங்களில் எழுகிறது. இது அற்பமான கேள்வியன்று. எண்ணிச் செலவிடும் வீட்டில், ஒரு பொருளை வாங்கும்போது வேறொரு தேவை காத்திருக்க நேரிடுகிறது.

கோபுரம் கட்டப் புறப்பட்டவனைப் பற்றிய உவமையை நாம் அறிவோம். அவன் கையிருப்பு போதுமா என்று பார்க்கவேண்டியிருந்தது. நாமோ, வேலை எவ்வளவு சிறியது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். கடைக்குச் சென்றவுடன் பெரிய ட்ரில்லிங் மெஷினையும் நூறு துண்டுகள் கொண்ட பெட்டியையும் காட்டுவார்கள்; மாதத் தவணையும் உண்டு என்பார்கள். ஆனால் நம் வேலையோ எட்டுத் திருகாணிகள் மாத்திரமே.

வீட்டுக்குள் செய்யும் இவ்வேலைகளுக்கு 3.6 வோல்ட் லித்தியம் பேட்டரி உள்ள சிறிய மின் திருப்புளியே போதுமானது என்பது என் கருத்து. அதன் முறுக்கு விசை பெரும்பாலும் 3 முதல் 5 நியூட்டன் மீட்டர் வரை இருக்கும். 12 வோல்ட் கருவிகளில் அது பல மடங்கு கூடும். மிகுந்த விசை இங்கே நன்மையல்ல. மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் அளவுக்கு மீறி முறுக்கினால் துளையின் பிடிமானம் சிதைந்து, திருகாணி வீணாகச் சுழலும். ஆகையால் பெரிய கருவி வாங்குவோரும், குறித்த அளவில் முறுக்குவதை நிறுத்தும் கிளட்ச் அதில் உண்டா என்று பார்க்கவேண்டும்.

சிக்கனம் செய்யக்கூடாத இடம் ஒன்று உண்டு. அது கருவியின் முனையில் பொருத்தும் பிட். மலிவான பெட்டிகளில் வரும் பிட்டுகள் பல, மென்மையான இரும்பினால் ஆனவை. அவை விரைவில் தேய்ந்து, திருகாணியின் தலையையும் கெடுத்துவிடும். அலமாரிக் கீல்களில் உள்ள கூட்டல் குறித் திருகாணிகளுக்குப் பெரும்பாலும் பிஎச் 2 என்ற அளவு பொருந்தும். அவ்வளவில் நல்ல எஃகு பிட் இரண்டு வாங்குங்கள். நூறு துண்டுகள் வேண்டியதில்லை. துளை ஏற்கெனவே பெரிதாகியிருந்தால், எந்தக் கருவியும் தனியே உதவாது. தீக்குச்சியைப் பசையில் தோய்த்து உள்ளே செலுத்தி, உலர்ந்தபின் முறுக்குங்கள்.

கான்கிரீட் சுவரில் துளையிடுவது முற்றிலும் வேறு வேலை. ஆண்டுக்கு ஒருமுறை திரைச்சீலைக் கம்பி மாட்டுவதற்காக ஒவ்வொரு வீடும் ட்ரில்லிங் மெஷின் வாங்கிப் பரணில் வைப்பது எதற்கு? வைத்திருப்பவரிடம் கேட்டு வாங்குங்கள். வைத்திருப்பவரோ மனமுவந்து கொடுங்கள். அல்லது தச்சரை அழைத்து அவருக்குரிய கூலியைக் கொடுங்கள். அது வீண் செலவன்று. ஒரு குடும்பத்தின் உணவு.

கைத் திருப்புளியே போதாதா என்று சிலர் கேட்கலாம். எட்டுத் திருகாணிக்கு அது போதும். மின்கருவி வாங்காமலிருப்பதும் நல்ல தீர்மானமே. ஆனால் மூட்டுவலியினால் மணிக்கட்டைத் திருப்ப இயலாத முதியவருக்கு, மின் திருப்புளி ஆடம்பரமன்று. பிறரை எதிர்பார்த்துக் காத்திராமல் தன் வீட்டுக் கதவைத் தானே சீர்செய்யும் மரியாதையை அது அவருக்குத் தருகிறது. மூடாத கதவோடு மாதக்கணக்கில் வாழும் முதியவர் நம் தெருவிலும் இருக்கலாம்.

ஆகையால் அன்பானவர்களே, கடைக்குப் போகுமுன் உங்கள் வீட்டில் முறுக்கவேண்டிய திருகாணிகளை எண்ணிப் பாருங்கள். வாங்குவீர்களானால், அதை உங்கள் வீட்டோடு நிறுத்திவிடாமல் அடுத்த வீட்டுக் கதவுக்கும் கொண்டுசெல்லுங்கள்.