செத்தவர் மீதா வழக்கு?

லாவோஸின் வாங் வியெங்கில் 2024 நவம்பரில் மெத்தனால் கலந்த மது ஆறு வெளிநாட்டுப் பயணிகளைக் கொன்றது. ‘கூத்தடிக்கப் போனார்கள், அனுபவித்தார்கள்’ என்று கட்டுரை எழுதிவிட்டார் நண்பர் ஒருவர். வசதியான வாதம். யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை பாருங்கள்!

மெத்தனாலை நாக்கு காட்டிக்கொடுக்காது. சாராயம் போலவே இறங்கும். உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தின்னும். அளவோடு குடித்தவர் என்ற சலுகையெல்லாம் அதனிடம் செல்லாது.

அந்த ஊரில் கட்டுப்பாடே இல்லை என்பதும் அரைகுறைச் செய்தி. டயர் டியூபில் மிதந்தபடி கடைக்குக் கடை குடித்தவர்கள் நாம் சோங் ஆற்றில் செத்துக்கொண்டிருந்ததால், 2012-இலேயே கரையோர மதுக்கடைகள் பலவற்றை அரசு இழுத்து மூடியது. கரையைக் காத்தால் மட்டும் போதுமா? புட்டிக்குள் இருப்பதையும் சோதிக்க வேண்டாமா?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றதும் இதே மெத்தனால்தான். அங்கே செத்த கூலித் தொழிலாளிகள் எந்த உல்லாசப் பயணம் போனார்கள்?

கலந்தவனையும் கண்டுகொள்ளாத அதிகாரியையும் விட்டுவிட்டுக் குடித்தவரின் ஒழுக்கத்தை அளக்கும் கட்டுரை, விஷம் விற்றவனுக்கு இலவச வக்காலத்து.