ஒலிவியாவில் ஏமாந்தவர் யார்?

திருநங்கையர் பெண்களின் வெளிகளுக்குள் ஏமாற்றி நுழைகிறார்கள் என்பது ஜானிஸ் ரேமண்ட் 1979-இல் வெளியிட்ட 'தி டிரான்ஸ்செக்சுவல் எம்பயர்' நூலின் வாதம். அதில் பெயர் சொல்லிச் சாடப்படுபவர் சாண்டி ஸ்டோன். கலிஃபோர்னியாவில் பெண்களே நடத்திய 'ஒலிவியா ரெக்கார்ட்ஸ்' இசைப்பதிவுக் குழுமத்தில் ஒலிப்பொறியாளராக இருந்தவர். ரேமண்ட் காட்டும் இந்த எடுத்துக்காட்டே அவருடைய வாதத்தைக் கவிழ்த்துவிடுகிறது. ஸ்டோன் திருநங்கை என்பது குழுமத்துக்குத் தெரியும், தெரிந்தேதான் சேர்த்துக்கொண்டது. கண்டனங்கள் கிளம்பியபோது 1977-இல் அவரை ஆதரித்துப் பகிரங்கமாகப் பதிலும் எழுதியது. பெண் ஒலிப்பொறியாளர் கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருந்த காலம் அது. ஏமாந்தவரே இல்லாத இடத்தில் ஏமாற்று எங்கிருந்து வந்தது?

ஸ்டோன் பெண்களிடையே பிளவு உண்டாக்கினார் என்ற ரேமண்டின் குற்றச்சாட்டும் காரணத்தையும் விளைவையும் தலைகீழாக்குகிறது. ஒலிவியாவைப் புறக்கணிப்போம் என்ற மிரட்டல் வெளியிலிருந்து வந்தது. அதன் பிறகே ஸ்டோன் விலகினார். 1991-இல் அச்சேறிய அவருடைய மறுப்புக் கட்டுரையோ, திருநர்கள் தங்கள் கடந்தகாலத்தை மறைக்காமல் பேச வேண்டும் என்கிறது.