மத்தளையிலிருந்து அறுகம்குடாவுக்கு



பொத்துவிலில் எங்கள் மாதர் சங்கத்து அக்கா ஒருவர் இருக்கிறார். கணவரை யுத்தத்திலும் வீட்டைச் சுனாமியிலும் இழந்தவர். சங்கக் கடனில் வீட்டுக்குப் பின்புறம் இரண்டு கபானா கட்டி, அறுகம்குடாவுக்கு அலைச்சறுக்க வரும் வெளிநாட்டவருக்கு வாடகைக்குக் கொடுக்கிறார். சென்ற சித்திரையில் ஒரு சோடி பத்து நாளுக்கு அறை கேட்டுப் பதிவுசெய்திருந்தது. அக்கா புது விரிப்பு வாங்கிப் போட்டு, இரவு பதினொரு மணிவரை வாசல் விளக்கை அணைக்காமல் காத்திருந்தார். எவரும் வரவில்லை. இரண்டு நாளின் பின் படத்தில் கண்ட அதே முகங்களைக் கடற்கரையில் வேறொரு ஹோட்டல் வாசலில் கண்டார். "உங்கள் இடம் பூட்டிவிட்டதென்று வான் சாரதி சொன்னாரே!" என்றார்களாம்.

அந்தச் சாரதிக்கு அந்த ஹோட்டலில் கொமிஷன் கிடைத்திருக்கும். அக்காவுக்கு அந்த மாதத் தவணை தவறிப்போயிற்று.

அவர்கள் வந்திறங்கியது கட்டுநாயக்காவில் அல்ல, மத்தளையில். 2013 மார்ச் 18இல் திறந்துவைக்கப்பட்ட விமான நிலையம் அது. அம்பாந்தோட்டை நகருக்கு வடக்கே காட்டோரமாக இருக்கிறது. விமானங்கள் வராததால் 2015இல் அங்குள்ள களஞ்சியத்தில் நெல் அடுக்கி வைத்தார்கள். 2016இல் ஓடுபாதைப் பக்கம் வரும் மிருகங்களை விரட்ட நூற்றுக்கணக்கான பொலிஸாரும் படையினரும் போனார்கள். இன்னமும் எப்போதாவது ஒரு விமானம் இறங்கும் இடந்தான். ஆனாலும் கட்டுநாயக்காவிலிருந்து எங்கள் பக்கம் வர 300 கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டும். வரைபடத்தில் பார்ப்பவருக்கு மத்தளையும் அறுகம்குடாவும் பக்கத்துப் பக்கத்து ஊர் போலத் தெரியும்.

நடுவே யால, குமண காடுகள் இருப்பதை வரைபடம் பார்ப்பவர் யோசிப்பதில்லை. அந்தக் காட்டுக்குள்ளால் கரையோரமாக ஒரு பாதை உண்டு என்பது உங்களில் பலருக்குத் தெரியும். கதிர்காமக் கொடியேற்றக் காலத்தில் உகந்தையிலிருந்து நாங்கள் நடந்து போகும் அதே பாதைதான். அது கால்நடைக்கு மட்டும். வாகனம் என்றால் வடக்கே வெல்லவாய வரை ஏறி, மொனராகலையால் கிழக்கே திரும்பி வர வேண்டும். 150 கிலோமீற்றருக்கு மேல் வரும்.

"இந்த வழியை நாமளே ஒருக்காப் போய்ப் பாத்தா என்ன பிள்ளை? வழி சொல்லத் தெரியாமத்தானே ஆக்கள் வான்காரன்ட வாயைப் பாக்கிறாங்க" என்றார் அக்கா. எனக்கு வெட்கமாக இருந்தது. சுற்றுலா வருமானம் அடிமட்டம் வரை வந்துசேரும் என்று பல்கலைக்கழகத்தில் பரீட்சைத்தாளில் எழுதியவள் நான். எந்தச் சந்தியில் அது வேறுபக்கம் திரும்புகிறது என்று ஒருநாளும் போய்ப் பார்க்கவில்லை.

அக்காவுக்குக் கதிர்காமத்தில் ஒரு நேர்த்தியும் இருந்தது. முதல்நாள் அதை முடித்து மடத்தில் தங்கி, மறுநாள் காலை ஓட்டோவில் விமான நிலைய வாசலுக்குப் போனோம். காவலாளி எங்களை மேலும் கீழும் பார்த்தார். வாசலில் பஸ் எதுவும் நிற்கவில்லை. அங்கிருந்து அதே ஓட்டோவில் பிரதான வீதிக்கு வந்து, வெல்லவாய பஸ்ஸை மறித்தோம். ஓட்டோக் கூலியை ஏறுமுன் பேசிக்கொள்ள வேண்டும் என்பதை நாங்கள் ஏறிய பின்புதான் நினைத்தோம்.

வெல்லவாயவில் ஒரு மணித்தியாலக் காத்திருப்பு. அதன்பின் மொனராகலை பஸ். புத்தல வந்ததும் அக்கா பேச்சை நிறுத்திவிட்டார். 2008 ஜனவரியில் அந்தப் பக்கத்தில் குண்டுவைத்து, பஸ்ஸில் போன பொதுமக்களைக் கொன்றார்கள். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் அவ்வழியால் போகப் பயந்தார்கள். அங்குள்ளவர்கள் எங்கள் பக்கம் வரப் பயந்தார்கள். பக்கத்து இருக்கையில் ஒரு சிங்கள அம்மா கொய்யாப்பழத்தைப் பிளந்து பாதியை அக்காவிடம் நீட்டினார். அக்காவுக்குச் சிங்களம் தெரியாது. வாங்கிச் சாப்பிட்டார். மொனராகலையில் சுத்தமான மலசலகூடம் எங்கே என்று எங்களைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டியதும் அந்த அம்மாதான். பெண்ணாகத் தனியே வருபவருக்கு இது எவ்வளவு முக்கியமென்று சொல்லத் தேவையில்லை. எங்கள் தாளில் அதையும் எழுதினோம்.

மொனராகலையிலிருந்து சியம்பலாண்டுவ, லகுகல ஊடாகப் பொத்துவில். லகுகலக் குளத்தருகே யானை நின்றால் பஸ் நிற்கும், அவசரப்பட்டுப் பயனில்லை. பொத்துவிலில் இறங்கி ஓட்டோ பிடித்தால், சுனாமிக்குப் பின் 2008இல் திறந்த புதுப் பாலத்தைக் கடந்து அறுகம்குடா. காலை ஏழரைக்குப் புறப்பட்ட நாங்கள் பின்னேரம் நான்கு மணி தாண்டித்தான் வந்துசேர்ந்தோம். வானில் என்றால் இதில் பாதி நேரமும் ஆகாது. ஆனால் அந்தச் சோடி வானுக்குக் கொடுத்த பணம் அக்காவின் அறைக்கு ஆறு நாள் வாடகை.

அன்றிரவே தாள் எழுத இருந்தோம். நான் பஸ் மாறும் இடங்களிலிருந்து தொடங்கினேன். அக்கா விடவில்லை. "முதல் வரியில இதை எழுது: ஆர் என்ன சொன்னாலும் என்ட வீடு பூட்டு இல்ல. சந்தேகமெண்டா ஒரு கோல் எடுக்கட்டும்." அப்படியே எழுதினோம், ஆங்கிலத்தில். வானில் வர விரும்புபவருக்காக ஊரில் நம்பிக்கையான ஒரு தம்பியின் இலக்கத்தையும் சேர்த்தோம். கூலியை முன்கூட்டியே எழுத்தில் அனுப்பச் சம்மதித்தார். அறை பதியும் ஒவ்வொருவருக்கும் இப்போது அக்காவின் மகள் இத்தாளை வட்ஸ்அப்பில் அனுப்புகிறாள்.

ஆடியில் இரண்டு பெண் பிள்ளைகள் இந்தத் தாளோடு வந்தார்கள். மொனராகலையில் கண்டக்டரிடம் தொலைபேசியைக் கொடுத்து அக்காவோடு பேச வைத்திருக்கிறார்கள். அவர் சிங்களத்தில் ஏதோ கேட்க, அக்கா "பொத்துவில், பொத்துவில்" என்று மட்டும் சொன்னாராம். சரியாக இறக்கிவிட்டார்.

அறை வாடகைக்குக் கொடுக்கும் சகோதரிகள் தாளின் பிரதியைச் சங்கத்தில் பெற்றுக்கொள்ளலாம். ஓட்டோக் கூலியை மட்டும் பென்சிலால் எழுதியிருக்கிறோம். அது மாறிக்கொண்டே இருக்கிறது.