முன்கூட்டியே தெரிந்திருந்த வெற்றிடங்கள்

2023 ஜனவரி முற்பகுதியில் மருதானைப் புகையிரத நிலையத்தில் காத்து நின்ற பயணிகளுக்குப் பல சேவைகள் இரத்துச் செய்யப்பட்டுள்ளதாகவே அறிவிக்கப்பட்டது. விபத்தோ வெள்ளமோ வேலைநிறுத்தமோ இதற்குக் காரணமாக இருக்கவில்லை. 2022 டிசம்பர் 31ஆம் திகதியுடன் புகையிரதத் திணைக்கள ஊழியர்கள் பெருமளவில் ஓய்வுபெற்றுச் சென்றதனால், சேவைகளை வழமைபோல் நடத்துவதற்கு ஆளணி போதாமற் போயிற்று. ஓர் ஊழியரின் பிறந்த திகதி அவர் கடமையில் சேர்ந்த நாள் முதல் அவரது கோவையிலேயே இருக்கின்றது. அவ்வாறிருக்க, அவர் ஓய்வுபெறும் நாள் திணைக்களத்துக்கு எதிர்பாராத நெருக்கடியானது எவ்வாறு என்ற கேள்வியை இன்றும் எழுப்ப வேண்டியுள்ளது.

இதன் பின்னணி யாவரும் அறிந்ததே. 2021 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில் அரசாங்க ஊழியர்களின் ஓய்வு வயது 65 ஆக உயர்த்தப்பட்டது. ஒரு வருடம் கழிவதற்குள், 2022 ஆகஸ்ட் 30ஆம் திகதி சமர்ப்பிக்கப்பட்ட இடைக்கால வரவு செலவுத் திட்டம் அதனை மீண்டும் 60 ஆகக் குறைத்தது. 2022ஆம் ஆண்டு முழுவதும் மாதாமாதம் சிறுகச் சிறுக விலகியிருக்க வேண்டியவர்கள் ஆண்டிறுதியில் ஒரே நாளில் விலக நேர்ந்தது. அறிவிப்புக்கும் நடைமுறைக்கும் இடையே இருந்தவை நான்கு மாதங்கள் மாத்திரமே. அனுபவமிக்க ஒரு புகையிரதச் சாரதியை நான்கு மாதங்களில் உருவாக்கிவிட முடியாது.

இத்தகைய நிலைமையை முன்கூட்டியே கணிப்பதற்கான கணித முறைகள் புதியவை அல்ல. தரம் தரமாக அமைந்த ஒரு சேவையில் ஆட்கள் சேர்வதையும் உயர்வதையும் விலகுவதையும் கணித ரீதியில் ஆராய்ந்த ஹிலாரி சீலின் கட்டுரை 1945இல் வெளியாயிற்று. டேவிட் பார்த்தலோமியூ 1967இல் வெளியிட்ட நூல் இத்துறைக்கு உறுதியான அடித்தளமிட்டது. இம்முறைகளின் அடிப்படை எளிமையானது. ஒவ்வொரு தரத்திலும் இன்று எத்தனை பேர் உள்ளனர், வருடந்தோறும் அவர்களில் எத்தனை வீதத்தினர் அதே தரத்தில் நீடிக்கின்றனர், எத்தனை வீதத்தினர் பதவியுயர்வு பெறுகின்றனர், எத்தனை வீதத்தினர் விலகுகின்றனர் என்ற விபரங்கள் இருந்தால், வருங்கால ஆளணியைக் கணக்கிட்டுக் கொள்ளலாம்.

கற்பனையான ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். 1,000 பேர் கொண்ட ஒரு சேவையிலிருந்து வருடந்தோறும் 5 வீதத்தினர் விலகுகின்றனர் எனின், மூன்று வருடங்களின் பின் எஞ்சியிருப்போர் ஏறத்தாழ 857 பேராவர். பயிற்சிக் காலமும் மூன்று வருடங்களாயின், இன்றே ஆட்சேர்ப்பைத் தொடங்கினாலும் முதல் அணி கடமைக்கு வரும் நாளில் 143 இடங்கள் வெறுமையாகவே இருக்கும். வெற்றிடம் ஏற்பட்ட பின்னர் விண்ணப்பம் கோரும் வழக்கம் எத்துணை காலங்கடந்தது என்பதை இந்தச் சிறு கணக்கே உணர்த்திவிடும்.

ஆனால் எமது நாட்டில் ஆட்சேர்ப்பை நிர்ணயித்து வந்தது பெரும்பாலும் தேர்தல் நாட்காட்டியே. 2020இல் சுமார் 50,000 பட்டதாரிகளுக்கு நியமனங்கள் வழங்கப்பட்டதுடன், குறைந்த வருமானக் குடும்பங்களைச் சேர்ந்த ஓர் இலட்சம் பேருக்குத் தொழில் வழங்கும் திட்டமும் அறிவிக்கப்பட்டது. தொழிலற்றோரின் துயரை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும், ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் சேர்வோர் பதவியுயர்வுக்கும் ஒரே காலத்தில் வரிசையில் நிற்பர். ஓய்வுபெறும் காலமும் அவர்களுக்கு நெருங்கியே வரும். இன்றைய சலுகை நாளைய முட்டுக்கட்டையாகவும் அதன் மறுநாள் வெற்றிடமாகவும் மாறுவது தவிர்க்க முடியாதது.

இந்த முறைகளுக்கும் எல்லை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. கடந்த கால வீதங்கள் தொடரும் என்ற எடுகோளிலேயே அவை தங்கியுள்ளன. பொருளாதாரச் சரிவின் மத்தியில், 2022 ஜூனில் அரச ஊழியர்கள் ஐந்து வருடங்கள் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்ல அனுமதிக்கப்பட்டனர். வைத்தியர்களும் பெருமளவில் வெளியேறினர். இத்தகைய அதிர்ச்சியை எந்தச் சூத்திரமும் நாள் குறித்துச் சொல்லாது. ஆயினும், ஓய்வு வயதை ஒரு வருடம் மாற்றினால் எந்தச் சேவையில் எத்தனை பேர் குறைவர் என்பதைத் தீர்மானத்துக்கு முன்னரே அறிந்திருக்க முடியும்.

தமிழ் பேசும் மக்களைப் பொறுத்தவரை இதில் மற்றுமொரு பரிமாணம் உண்டு. 1956ஆம் ஆண்டின் அரச கரும மொழிச் சட்டத்தின் பின்னர், தமிழில் கருமமாற்றும் திறன் அரச சேவையின் ஆளணிக் கணக்கிலிருந்து மெல்ல மெல்ல நீங்கியது. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 2007 ஜூலை முதல் சேர்வோர் ஐந்து வருடங்களுக்குள் இரண்டாவது அரச கரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் எனச் சுற்றறிக்கையும் வெளியாயிற்று. இருந்தும், ஓர் அலுவலகத்தில் தமிழ் அறிந்த எழுதுவினைஞர் ஓய்வுபெற்று, அவ்விடத்துக்குத் தமிழ் அறியாத ஒருவர் வந்துவிட்டால், திணைக்களத்தின் பதிவேட்டில் வெற்றிடம் இல்லை. ஆனால் கடிதமொன்றைக் கையில் ஏந்தி வரும் தமிழருக்கும் முஸ்லிமுக்கும் அந்த இருக்கை வெறுமையானதே. தலைகளை மாத்திரம் எண்ணும் கணக்கு இந்த வெற்றிடத்தை ஒருபோதும் காட்டாது.

2025 பெப்ரவரியில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில் அரச சேவைக்கு 30,000 பேரைச் சேர்த்துக்கொள்வதற்கு நிதி ஒதுக்கப்பட்டது. அத்தகைய ஆட்சேர்ப்பு எதுவாயினும், எந்தச் சேவைக்கு, எந்தத் தரத்துக்கு, எந்த மாவட்டத்துக்கு, எந்த மொழித் தேர்ச்சியுடன் என்ற கணக்கின் மீது அமைவதே முறை. ஒவ்வொரு திணைக்களமும் அடுத்த பத்து வருடங்களில் ஓய்வுபெறவிருப்போரின் விபரத்தை, தமிழில் கடமையாற்றக் கூடியவர்களைத் தனியே பிரித்துக் காட்டி, வருடந்தோறும் பகிரங்கப்படுத்த வேண்டும் என்பதே எமது கோரிக்கை. இதற்குப் பெரும் செலவு ஏற்படப் போவதில்லை. தேவையான விபரங்கள் ஏற்கனவே திணைக்களங்களின் கோவைகளில் உள்ளன. அவற்றைத் திறந்து பார்க்கும் விருப்பம் ஆட்சியாளர்களுக்கு இல்லையேல், மருதானை மேடையில் பயணிகள் மீண்டும் ஒருமுறை வராத வண்டிக்காகக் காத்து நிற்க வேண்டியதே நேரும்.