மூடி கசியும் என்று வைத்துக்கொள்வோம்

தூத்துக்குடிக் கடற்கரைக்குத் தண்ணீரைச் சமாளிக்க இரண்டு வழிகள் தெரியும். கட்டுமரத்துக்கு உள்ளே என்று ஒன்று இல்லை. ஏறிய அலை கட்டைகளின் இடுக்கு வழியே இறங்கிவிடும், நிரம்ப இடம் ஏது? மாலத்தீவுக்குச் சரக்கேற்றிப் போகும் தோணி இதற்கு நேர் எதிர். பலகை இடுக்கெல்லாம் கலப்பத்து அடித்து, மேலே தார்ப்பாய் இழுத்துக் கட்டி, தண்ணீரை வெளியிலேயே நிறுத்தப் பார்ப்பது. அப்படியும் ஊறும் என்று தெரிந்துதான் அதில் பம்பு இருக்கிறது. ஃபைபரில் வீட்டிலேயே கயாக் செய்பவர் தோணியின் வழியில் போகிறார், தோணிக்காரரின் சந்தேகத்தை மட்டும் கரையிலேயே விட்டுவிடுகிறார். முன்னும் பின்னும் காற்றடைத்த அறைகள், சாமான் வைக்க மேல்தளத்தில் ஒரு திறப்பு, அதற்கு ஒரு மூடி. மூடியைத் துளி கசியாமல் செய்துவிட்டால் போதும் என்ற நம்பிக்கைதான் ஆபத்து. கசியும் என்று வைத்துக்கொண்டே படகைச் செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

அலையைவிட வெயில் மூடிக்குப் பெரிய எதிரி. கரையில் கிடக்கும் கயாக்கின் உள்காற்று 50 டிகிரிக்குச் சூடாகிவிட்டது, அந்த நிலையில் மூடியை இறுக்கிக் கடலில் தள்ளுகிறோம் என்று கொள்வோம். 28 டிகிரித் தண்ணீர் பட்டு உள்காற்று குளிர்ந்தால் அழுத்தம் ஏறத்தாழ 7 சதவீதம் குறையும். 30 சென்டிமீட்டர் அகல வட்ட மூடியின் மேல் அது சுமார் 50 கிலோ எடைக்குச் சமம். ரப்பருக்கும் விளிம்புக்கும் நடுவே எங்கே இளக்கமோ அங்கே அறை தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். சிலிக்கான் பூசி இன்னும் இறுக்குவது இதற்கு மருந்தல்ல. அறைக்கும் உட்காரும் குழிக்கும் நடுவிலுள்ள தடுப்பில், உச்சியில், ஒரு மில்லிமீட்டர் துளை போதும். நீர்புகா அறையில் நாமே ஓட்டை போடுவதா? காற்று போய்வர அது தாராளம். கயாக் கவிழ்ந்து கிடந்தாலும் அதன் வழியே நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர்கூட வராது.

மூடியின் வேலையும் பசையில் இல்லை, விளிம்பில் இருக்கிறது. திறப்பைச் சுற்றி எழும்பிய விளிம்பு, அதன்மேல் மெத்தென்ற நியோப்ரீன் பட்டை, குறுக்கே இறுக்கும் நாடாக்கள். நாடாக்களுக்கு நடுவே மூடி எழும்பினால் கசிவு அங்கேதான். ஆகவே அடியில் விலா கொடுத்து விறைப்பாக்க வேண்டும். ஸ்க்ரூ வேண்டாம், ஒவ்வொன்றும் ஒரு புதுத் துளை.

இவ்வளவு செய்தும் நம்பக் கூடாது என்பதற்கு டெர்பிஷையர் கப்பல் சாட்சி. 294 மீட்டர் நீளமுள்ள அது, 1980 செப்டம்பரில் ஜப்பானுக்குத் தெற்கே ஆர்க்கிட் சூறாவளியில் 44 பேருடன் மூழ்கியது. முதலில் போனது சரக்கறை மூடி அல்ல என்று 2000-இல் மறுவிசாரணை சொன்னது. முன்தளத்தில் உடைந்த காற்றுக்குழாய்கள் போன்ற சிறு திறப்புகள் வழியே தண்ணீர் ஏறி, அணியம் தாழ்ந்து, அதன் பிறகே அலைகள் மூடியை நொறுக்கின. கயாக்கில் இதற்கு விடை, மூடியே பறிபோனாலும் மிதக்கவைக்கும் பொருளை அறைக்குள் வைப்பது. தெர்மாகோலை வைத்து அதன்மேல் பாலியெஸ்டர் ரெசின் ஊற்றினால் அது கரைந்துவிடும். இறுக மூடிய காலி பிளாஸ்டிக் கேன்களை நகராமல் கட்டிவைப்பது மலிவு. சாமானுக்கு இடம் போய்விடுமே என்பார்கள். நியாயம்தான். ஆனால் நீர்புகாப் பையில் இறுகக் கட்டிய துணியும் படுக்கையும் தாமே மிதவை. அவற்றை ஏற்றும் நாளில் கேன்களை இறக்கிக்கொள்ளலாம். ஒன்றும் ஏற்றாமல், சும்மா ஒரு சுற்று என்று கிளம்பும் நாளில்தான் அறை முழுவதும் தண்ணீருக்காகக் காலியாக இருக்கிறது.